கட்டிப்பால் தராசில் என் மனைவி

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பெண்டாட்டியைக் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், நிறுக்கும் தராசில் ஏற்றிய முட்டாள் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் புற்றுநோய் என்று அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். நான் பால் கொட்டகையில் எடை பார்த்து ஈரத்துக்குக் கழிக்கும் மண்டோர், அதாவது கங்காணி. அந்த நோய் வந்து செத்தவர்கள் எல்லாரும் எலும்பும் தோலுமாகத்தான் போனார்கள். அப்படியென்றால் இளைக்காதவள் போகமாட்டாள். நாலாம் வகுப்போடு நின்றவனின் மூளை இவ்வளவு தூரம்தான் ஓடியது.

காலையில் இரண்டு முட்டை, தேத்தண்ணியில் கரண்டி கரண்டியாக டின் பால், மாலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். ஞாயிற்றுக்கிழமை கொட்டகை காலியானதும் தராசு. அறுபத்திரண்டு, அறுபத்தாறு, எழுபத்தொன்று. முள் ஏற ஏற எனக்கு உயிர் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று கத்துவாள். "என்னாண்ணே, அண்ணியயும் லாரில ஏத்தப் போறீங்களா? ஈரத்துக்கு எத்தன கிலோ கழிப்பீங்க?"

"உன்ன நிறுத்தா தராசு உடையும்லா, போ!"

அடுத்த முறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டார். "எட ஏன் இவ்ளோ ஏறியிருக்கு?"

"எல்லாம் என் கைவரிசைதான் டாக்டர்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் சிரிக்கவில்லை. "இந்த நோய்க்கு அப்புறம் உடம்பு ரொம்பப் பெருத்தா, அது திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு கூடலாம். பட்டினி போடாதீங்க. இனிப்பு, கொழுப்பக் குறைங்க, தினமும் நடக்கட்டும். மெதுவா இறங்கினா போதும்."

திரும்பும் பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊட்டியது என் கையல்லவா?

அன்றைக்கே சட்டம் போட்டேன்: டின் பால் கூடாது, சாயங்காலம் கோயில்வரை நடை. அவள் தலையாட்டினாள். சொன்னபடி செய்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. தராசு சொல்லாதா என்ன!

மூன்று மாதம் முள் அசையவில்லை. அப்புறம் இறங்கியது. அறுபத்தெட்டு. அடுத்த மாதமே அறுபத்து மூன்று. அன்றைக்கு அவள் தூணைப் பிடித்துக்கொண்டுதான் தராசில் ஏறினாள். முதுகு வலி என்றாள். என் காதில் அது விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"பாத்தியா புள்ள, அஞ்சு கிலோ! டாக்டரம்மா எனக்கு மாலையே போடும்லா!" என்று கொட்டகையே அதிரக் கைதட்டினேன்.

அவள் மெல்ல இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் எதையும் குறைக்கலீங்க."