பேனரில் இல்லாதவன்

என் மகனுக்கு ராணுவத்தில் வீரப் பதக்கம் என்று செய்தி வந்த அன்றே பேனர் வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். காதுகுத்துக்கெல்லாம் பேனர் வைக்கிறார்களே என்று எங்கள் பீர்க்கன்கரணையில் முகம் சுளித்தவன். இருந்தும் ஆசை விடவில்லை.

எல்லையில் ஒரு மலைச்சரிவில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, குண்டடிபட்டு விழுந்த தோழனை என் மகன் முதுகில் சுமந்து இறங்கினான். கீழே வருவதற்குள் அந்தப் பையன் உயிர் போய்விட்டது. அதற்காகத்தான் பதக்கம்.

என்னிடம் இருந்த ஒரே நல்ல சீருடைப் படத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். தோழனின் கை என் மகன் தோள்மேல் கிடந்தது.

“சார், பக்கத்துல ஒருத்தர் கீறாரே, அவரும் இருக்கட்டுமா?” என்றார் பெருங்களத்தூர் பேனர் கடைக்காரர்.

“வேண்டாம்ப்பா, அவர் இறந்துட்டார். வாழ்த்து பேனர்ல எப்படிப் போடறது?”

“ஐயோ, அப்ப தூக்கிடறேன். போனவங்கன்னா கண்ணீர் அஞ்சலிதான். ஆனா தோள்ல கை பேஜார் பண்ணுது சார். அத்த எடுத்தா தம்பி தோளும் பூடும்.”

“கை இருந்துட்டுப் போகட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

தெருமுனையில் பேனர் ஏறியது. “இனிமே உங்ககிட்ட பார்க்கிங் சண்டை போட முடியாது சார், மிலிட்டரி வந்துடும்” என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடுப்பில் வந்த மகன் நேராக வீட்டுக்கு வரவில்லை. வந்தவாசிப் பக்கம் தோழனின் ஊருக்குப் போய், அவனுடைய அப்பாவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தான். ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நான் ஓடினேன். பெரியவர் பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த கையின் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு.

“எம்புள்ள கைங்க அது. அந்தக் கவுறு நான் கட்டிவுட்டது.”

மகன் என்னைப் பார்த்தான். “அப்பா, அவன் எங்கே? யார் எடுத்தது?”

“கடைக்காரன் பண்ணின கூத்துப்பா. நான் சரியாப் பார்க்கலை.”

அவன் அப்படியே கடைக்குக் கிளம்பினான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வுடு தம்பி. யாரு புள்ளைன்னு கடைக்காரருக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பாரா?”

தெரிந்து செய்த நான் அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “வாங்க, சாப்பாடு ஆறிடும்” என்றேன்.

மகன் பேனரை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தான். பெரியவர் ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது என்னைக் கும்பிட்டு, “புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க சார்” என்றார். நானும் கும்பிட்டேன்.

மகன் திரும்பிப் போய்விட்டான். இன்றுவரை அந்தக் கடைக்காரரைத் திட்டுகிறான். நான் மறுத்ததில்லை. போன வாரம் போனில், “வந்தவாசி அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்ப்பா, ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்றான். முட்டி வலி, பஸ்ஸில் உட்கார முடியாது என்றேன்.

என் முட்டியில் வலி எதுவும் இல்லை.