தகட்டம்மாவின் கடைசி இரண்டு எண்கள்

புளியும் செங்கல்பொடியும் சேர்த்துப் பித்தளையைத் தேய்த்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், அது விரலிடுக்கில் ஏறிவிட்டால் அன்றைக்கு முழுக்க எதைத் தொட்டாலும், பள்ளிக்கூட நோட்டை முகர்ந்தாலும்கூட, அதே புளித்த வாடைதான் அடிக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து வீட்டில் வெள்ளிக்கிழமை காலை அந்த வேலை என்னுடையது. முதலில் குத்துவிளக்கு, அப்புறம் "தகட்டம்மா".

தகட்டம்மா என்பது உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஏரிக்குள் ஒரு விமானம் விழுந்ததாம், அதிகாரிகள் படகில் வந்து இரண்டு நாள் தேடிவிட்டுப் போனார்களாம். சில மாதம் கழித்து, அப்போது மீசை முளைக்காத பையனாக இருந்த என் அப்பாவின் வலையில் இந்தத் தகடு ஏறி வந்தது. அன்றைக்குப் பார்த்து மீனும் அள்ளிக்கொண்டு வந்ததால், ஏரியம்மா கொடுத்தது என்று சாமி மாடத்தில் வைத்து மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள். அதில் ஏதோ எழுத்தும் எண்ணும் வெட்டியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சாமிக்கு எதற்கு நம்பர்!

போன மாதம் செய்தித்தாளின் உள்பக்கத்தில், போர் விமானங்களின் வரலாற்றை எழுதிய பெரியவர் ஒருவர் காலமானார் என்று சின்னதாக ஒரு செய்தி. படத்தைப் பார்த்ததும் அந்த அகலக் காதை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் குப்பத்துக்கு அவர் "பிளேன் சார்". காலையில் குடிக்க எடுத்த காபி ஆறிப்போக, நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அவர் வந்தார். மெட்ராஸில் ஏதோ ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, படகு பிடித்து, வலை எங்கெங்கே எதிலெதில் மாட்டுகிறது என்று கேட்டுக்கொண்டு திரிவார். "வேற பொயப்பே இல்லியா இந்தாளுக்கு?" என்று சிரித்தவர்கள்தான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மாடத்தில் தகட்டைக் கண்டதும் மனிதர் கிட்டே போய்க் குனிந்துவிட்டார். முன்னெழுத்துகள் தெரிந்தன. கடைசி இரண்டு எண்கள் மட்டும் காய்ந்த மஞ்சளுக்கு அடியில் இருந்தன. கொஞ்சம் துடைக்கலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் கழுவக் கூடாது என்று அம்மா சொல்ல, அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு கேமராவும் பூதக்கண்ணாடியும் கொண்டு வருவதாகச் சொன்னார்.

போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தக் கரைப்பக்கம் பறந்து திரும்பாத விமானங்கள் மூன்று. மூன்றையும் ஓட்டிப்போன பையன்களின் அம்மாக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர் மூன்று பேருக்கும் கடிதம் எழுதி வருகிறார். நம்பர் தெரிந்தால் இது யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

நாங்கள் செய்ததைக் கேளுங்கள். பிளேன் சார் போட்டோ பிடிக்க வருகிறாரே, தகட்டம்மா அழுக்காக இருந்தால் குப்பத்துக்கே கேவலம் என்று, அந்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் மாறி மாறித் தேய்த்தோம். செங்கல்பொடி போதாதென்று ஏரி மணலையும் போட்டோம். கை வலித்தது, விடவில்லை. கடைசியில் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று ஆனதும் அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தகட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை மெதுவாகப் பைக்குள் போட்டுவிட்டார். ஏற்கெனவே வருடக்கணக்கில் தேய்ந்திருந்த அந்த இரண்டு எண்களின் மிச்சத்தையும் நாங்கள் துடைத்து எடுத்திருந்தோம். அவர் எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "எதுனா ஒரு நம்பரப் போட்டுக்க சார். யாருக்குத் தெரியப்போவுது? ஒரு தாயி வயிறாச்சும் குளிரட்டும்."

"மத்த ரெண்டு பேரு?" என்றார் அவர்.

அப்பா என்னைக் கைகாட்டினார். வாராவாரம் தேய்த்தவள் நான்தான் என்று தெரிந்ததும் பிளேன் சார் என் பக்கம் திரும்பி, எண் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எழுபத்தி நாலு" என்றேன், டக்கென்று. அவர் எழுதினார். எழுதிவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ பாத்தியாம்மா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "தெரியல சார்." அவர் அந்த எண்ணின் மேல் ஒரே கோடாகக் கிழித்து, பக்கத்தில் "தெரியவில்லை" என்று எழுதினார். கோபமே இல்லை, பெரிய வேலை ஒன்றை முடித்தவர் மாதிரிதான் இருந்தார். அம்மா உள்ளே போய்த் தகட்டம்மாவின் குங்குமத்தை மூன்று பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, "மூணு பேருக்கும் அனுப்பு சார், எந்தப் புள்ளயா இருந்தாலும் எங்க ஏரியிலதான் கீது" என்றாள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் பொட்டலங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகேறினார்.

பிறகு நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, இரும்புப் பாகங்களில் அடித்திருக்கும் எண்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றேன். தெளிவாக இல்லாத ஒன்றை ஒருநாளும் ஊகித்து எழுதியதில்லை. சூப்பர்வைசர் கத்தினாலும் சரி. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

வலை மாட்டிய இடம் இப்போது வண்டல் மூடிக் கிடக்கிறது. குப்பத்தில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் இல்லை, அந்த மூன்று தாய்மாரும் இருக்க முடியாது. தகட்டம்மா மட்டும் வேப்பம்பட்டில் என் வீட்டு மாடத்தில் இருக்கிறாள். மஞ்சள் உண்டு, பொட்டு உண்டு. புளி போடுவதில்லை.

முந்தாநாள் பிளேன் சாருடைய மகள், குப்பத்தில் விசாரித்து என் நம்பரை வாங்கி, தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவின் நினைவு மலருக்காக விவரம் சேர்க்கிறாளாம், அவருடைய நோட்டில் எங்கள் குப்பத்தின் பெயர் இருக்கிறது, தேதி இல்லை, எந்த வருடம் வந்தார் என்று கேட்டாள். அழுதிருக்கிற குரல். எழுபத்தொன்று என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுபதாகவும் இருக்கலாம்.

"தெரியவில்லை என்று எழுதிக்கொள் அம்மா," என்றேன்.