கட்டையோடு உள்ளே வரச் சொன்னவர்

காசிநாதன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் அண்ணன் மகன் மாயவன்மேல் குவாரி முதலாளியின் கார் ஏறிய வருஷத்தில். தொண்ணூற்றொன்பது அது. "அரியலூர் கோர்ட்டுல எங்க சித்தப்பா டவாலியா இருக்காரு, போய்ப் பாருங்கக்கா" என்றாள் என் ஓரகத்தி. வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை.

காரை ஓட்டியது முதலாளிதான். முன்பும் ஒருவரை இடித்தவர். அதற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை, கோர்ட்டு கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. அபராதத்தைக் கட்டிவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தத் தடவையும் அப்படியே போய்விடுவாரோ என்று எங்களுக்குப் பயம்.

"ஜட்ஜு காசு வாங்கிடுவாரா சித்தப்பா?" என்று காசிநாதனைப் போய்க் கேட்டேன்.

"நீ வேற. அவரு யார்கிட்டயும் டீ கூட வாங்க மாட்டாரு. பெரிய மனுசன் நெஞ்சுவலின்னு ஒரு சீட்டு குடுப்பான், எரநூறு பேருக்கு வேலை குடுக்கறேன்னு ஒரு சீட்டு குடுப்பான். இவன உள்ள போட்டா அந்தக் குடும்பமெல்லாம் என்னாவும்னு ஜட்ஜுக்கு நெனப்பு வந்துடும். ஒங்க கஷ்டத்தை அவருகிட்ட எவன் சொல்றான்?"

தீர்ப்பு நாளன்று, குற்றவாளிதான் என்று சொல்லிவிட்டு, தண்டனையை மத்தியானம் சொல்வதாக ஜட்ஜ் எழுந்து போனார். வாசலில் செருப்புகளோடு கிடந்த ஊன்றுகட்டையைக் காசிநாதன் பார்த்தார்.

"யாருதுடா இது?"

"என்னுதுங்க. கட்டையோட உள்ள போனா மரியாதையா இருக்காதுன்னு வச்சிட்டேன்" என்றான் மாயவன்.

"சாட்சி சொன்ன அன்னிக்குமா?"

"தம்பி தோளைப் புடிச்சுக்கிட்டு கூண்டுல ஏறினேங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்."

காசிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "கோர்ட்டு என்ன கோயிலாடா? கேஸ் பேப்பர்ல எலும்பு முறிவுன்னுதான் இருக்கு. அப்புறம் தஞ்சாவூர்ல காலை எடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? கட்டையோட உள்ள வா."

அரசாங்க வக்கீலிடமும் போய்ச் சொன்னார். மத்தியானம் முதலாளியின் சீட்டுகளெல்லாம் மேசைக்குப் போனபின், வக்கீல் மாயவனை முன்னால் கூப்பிட்டார். கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் வந்ததும் ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஆறு மாதம் ஜெயில் என்றார்.

"ஐயா, எனக்கு நெஞ்சுவலி" என்றார் முதலாளி.

"ஜெயில்லயும் டாக்டர் இருக்காரு."

அப்பீலில் அது மூன்று மாதமாகக் குறைந்தது. அந்த மூன்று மாதமும் அவர் உள்ளே இருந்தார். தண்டனை சொன்ன அன்றைக்குத்தான் மாயவன் வயிறு நிறையச் சாப்பிட்டான். காசிநாதனுக்கு முந்திரிப்பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தோம். "தண்டனை குடுத்தது ஜட்ஜு, எனக்கு எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் சாமி கும்பிடும்போது அவர் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. காசிநாதன் இப்போது ஆண்டிமடத்தில் மகள் ஜெயசுதா வீட்டில் இருக்கிறார்.