என் நெஞ்சில் இறங்கிய ஊசி

என் நுரையீரலுக்குள் ஊசி இறக்கப் போகிறார்கள் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துபாயில் இருந்த என் கணவருக்குக்கூடத் தெரியும். அண்ணன் என்னிடம் சொன்னது, "சும்மா ஒரு டெஸ்டு மக்கா, சாயங்காலம் வீட்டுக்கு வந்திரலாம்" என்பது மட்டும்தான்.

கருங்கல்லில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். பல மாதங்களாக வறட்டு இருமல் இருந்தது. ரோட்டுத் தூசிதான் காரணம் என்று நினைத்து மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் திருவட்டாறு சாலையில் ஒரு டீச்சருக்கு வளைவில் திரும்பச் சொல்லிக்கொடுக்கும்போது இருமல் நிற்கவே இல்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அக்கா, நீங்க எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கிளாசுக்கு வரமாட்டேன்" என்றார்.

எடுத்தேன். வலது பக்கம் மேலே ஒரு நிழல். பிறகு ஸ்கேன். அது முடிந்ததும் டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

அடுத்த வாரம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். காலையில் நர்ஸ் வந்து கேட்டாள்.

"அக்கா, ரத்தம் இளக்குற மாத்திரை எதுவும் சாப்பிடலியே? பயாப்சிக்கு முன்னாடி கேக்கணும்."

"எதுக்கு முன்னாடி?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ பேயாம கெட. நான் டாக்டர்ட்ட எல்லாம் பேசியாச்சு."

நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். ஆஸ்பத்திரி அங்கியின் பின்பக்க நாடா அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தேன். அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"டாக்டர், எனக்க நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு?"

"உங்க அண்ணன்கிட்ட விவரமா சொல்லியிருக்கேனே அம்மா."

"குத்தப் போறது அவருக்க நெஞ்சுலயா, எனக்க நெஞ்சுலயா?"

டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர்.  நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி.

"இது பழைய டிபி தழும்பா இருக்கலாம். பூஞ்சையா இருக்கலாம். புற்றுநோயாவும் இருக்கலாம். கொஞ்சம் சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

ஊசி போகும்போது நுரையீரலிலிருந்து காற்று கசியலாம், இருமலில் ரத்தம் வரலாம் என்பதையும் சொன்னார்.  அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பயந்து வெப்ராளப்படுவேன்னுதான் மக்கா சொல்லல்ல" என்றார். அவர்மேல் பாசம் வந்தது, கோபமும் போகவில்லை. சம்மதக் காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேன் அறை குளிரில் விறைத்தது. குப்புறப் படுக்கவைத்து, முதுகில் பேனாவால் அடையாளம் வைத்தார்கள். மரத்துப்போக வைக்கும் ஊசிதான் அதிகம் எரிந்தது. அதன்பின் ஓர் அழுத்தம் மட்டும். ஊசி முதுகில் நிற்க, எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய்விடுவார்கள். மேசை என்னை எந்திரத்துக்குள் இழுத்துக்கொள்ளும், வெளியே தள்ளும். அந்த நேரத்தில் அந்த அறையில் நான் மட்டும்தான். கடைசியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். திடீரென்று தலைக்குமேல் "மூச்சைப் பிடிங்க!" என்று குரல் வந்தது. பாதி மூச்சு வெளியே போயிருந்தது. முதுகுக்குள் 'டக்' என்று ஸ்டேப்ளர் அடித்தது போல ஒரு சத்தம். இருமக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாயில் இரும்பின் ருசி.

வார்டில் பேசக் கூடாது, புரளக் கூடாது என்றார்கள். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் கொஞ்சம் காற்று கசிந்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மறுநாள் வரை கிடந்தேன். கணவர் வீடியோவில் வந்து அழுதார். எனக்குப் பேச அனுமதி இல்லை. விரலை ஆட்டி, நீங்களும் மறைத்தீர்கள் இல்லையா என்று கேட்டேன். அவருக்குப் புரிந்தது.

முடிவு வந்தபோது, எடுத்த சதை போதவில்லை என்று எழுதியிருந்தது. கட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருந்ததாம். அண்ணனுக்கு அது நல்ல சேதி மாதிரி இருந்தது.

"ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்? இனி குத்தாண்டாம் மக்கா. கஷாயம் குடிச்சுப் பாப்போம்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லல்ல அண்ணா. தெரியலன்னு சொல்லுது. எனக்குத் தெரியணும்."

இரண்டாவது தடவைதான் எனக்கு உண்மையான பயம். முதல் தடவை எப்படி இருக்கும் என்று தெரியாமல் படுத்தேன், இப்போது ஒவ்வொன்றும் தெரியும். அதனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். இந்தத் தடவை எங்கிருந்து எடுப்பீர்கள்? ஓரத்திலிருந்து, உயிருள்ள பகுதியில் என்றார். அடுத்தது கேள்வி இல்லை.

"மூச்சைப் பிடிக்கணும்னா முன்கூட்டிச் சொல்லுங்க. வளைவுல போயிட்டு இருக்கும்போது பிரேக் பிடின்னு கத்துனா யாருக்கும் கால் ஓடாது. நான் யாரையும் அப்படிப் படிப்பிக்கல்ல."

சிரித்தார். அன்று குப்புறப் படுத்திருக்கும்போது எந்திரத்துக்கு வெளியே வைத்தே என்னோடு மூச்சுப் பழகினார்கள். 'இழுங்க, விடுங்க, அடுத்து பிடிக்கணும்... பிடிங்க' என்று சொல்லிச் சொல்லி. டக். டக். டக். அதே வலிதான். ஆனால் உடம்பு என் கையில் இருந்தது.

புற்றுநோய்தான். முடிவைச் சொன்ன அன்று டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிடவில்லை. அண்ணனையும் உட்கார வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கட்டி சிறியது, பரவியதாகத் தெரியவில்லை, வெட்டி எடுக்கலாம். நான் அங்கே அழவில்லை. காரில் ஏறியதும் அழுதேன். அண்ணன் ஓட்ட முடியாமல் ஓரம் கட்டினார், பிறகு வீடு வரை நான் ஓட்டினேன்.

திருவனந்தபுரத்தில் நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். கணவர் லீவு போட்டு வந்து கூட இருந்தார். தையல் ஆறும்வரை வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பீடி சிகரெட் ஒண்ணும் கெடையாதே, பின்ன எப்பிடி வந்துது?" முதலில் பொறுமையாகப் பதில் சொன்னேன். பிறகு, "வாறதுக்கு எங்கிட்ட அனுமதி கேக்கல்ல" என்று சொல்லத் தொடங்கினேன். ஸ்கூலை விற்றுவிடு என்றும் சொன்னார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உண்மைதான். கிளச் மிதிக்க வாங்குவதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வண்டியில் ஏறிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன டீச்சர் அதற்குள் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

போன மாதம் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரி, தூரத்துச் சொந்தம், என் காதருகே குனிந்தாள்.

"உனக்கு... அந்தத் தீனமாமே?"

"எந்தத் தீனம்?"

அவள் வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை.

"கேன்சர். எனக்குக் கேன்சர் வந்துது. வெட்டி எடுத்தாச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுக்கணும். சொன்னா ஒட்டாது, நீயும் சத்தமாவே சொல்லு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போளிக்கு மேல் பாயசம் ஊற்றிக்கொண்டே வாளியோடு வந்தவர் என் இலைக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"என்ன பாக்குறீங்க? போளி இருக்கு பாருங்க, அதுக்கு மேல ஊத்துங்க. நல்லா ஊத்துங்க."