நண்டுக் கறிக்கு நேரே என் பெயர்

இன்று தேத்தண்ணி நேரம் நான் உள்ளே போனதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மூன்று நாளாக இதே கதைதான்.

(ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.)

நான் வேலை செய்வது பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிற ஒரு சின்ன இடத்தில். முப்பத்தைந்து பேர் இருக்கிறோம். நான் காலர் தைக்கிற சறோ.

வருஷத்துக்கு ஒரு நாள் எங்களை ட்ரிப் கூட்டிப் போவார்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வரலாம். எங்கே போவது, என்ன சாப்பிடுவது எல்லாம் ஒபிசில்தான் முடிவாகும். நாங்கள் பஸ்ஸில் ஏறுவோம், இறங்குவோம், அவ்வளவுதான்.

போன முறை கல்குடா கடற்கரைக்குப் போனோம். பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் புளித்த மணம். வெயிலில் பஸ்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் எழும்பிப் போனார். அவர் செட்டிபாளையத்தில் வாவியில் வலை போடுகிறவர். கடற்கரையில் ஆள் பழக்கம் பிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு கூடை நண்டோடும் இரவல் வாங்கிய பெரிய சட்டியோடும் திரும்பி வந்தார். மூன்று கல்லை வைத்து, தென்னம்மட்டை எரித்து, முருங்கை இலை போட்டு நண்டுக் கறி ஆக்கினார். பேக்கரிப் பாணும் அந்தக் கறியும்.

மெனேஜர் சேரே மணலில் சப்பணம் போட்டு இருந்து விரல் சூப்பினார். (கழுத்தில் டையோடு.)

திரும்பும்போது இவர் பஸ் படியில் நின்று சொன்னார், "அடுத்த முற பார்சல் கீர்சல் ஒண்டும் வேணாம். நான் ஆக்கித்தாறன்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

தை மாதம் நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை.

இந்த முறை ட்ரிப்புக்குப் புது ஏற்பாடு. மெனேஜர் சேர் எல்லோரையும் கூப்பிட்டு, "போன முற நாங்க செஞ்ச வடிவப் பாத்தீங்கதானே. இந்த முற நீங்களே திட்டம் போடுங்க" என்றார்.

துணி வெட்டுகிற மேசைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய பிறவுண் பேப்பர் ஒன்று ஒட்டினார்கள். போகிற இடம், சாப்பாடு, விளையாட்டு, பஸ் என்று வரி வரியாக இருக்கும். துணியில் அடையாளம் போடுகிற சோக்கால் ஒவ்வொருவரும் ஒரு வேலைக்கு நேரே பெயர் எழுத வேண்டும்.

எல்லோருடைய பெயரும் ஏறிவிட்டது. என் பெயர் இல்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கம் சாவு நடந்த வீட்டாருக்கு ஆண்டுத் திவசம் முடியும்வரை நல்ல காரியத்துக்குச் சொல்ல மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் ட்ரிப் என்ன கலியாணமா? இனி நான் எதற்குமே ஆகாதவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

இன்று தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரே அந்தப் பேப்பருக்கு முன்னால் போய் நின்றேன்.

நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒவ்வொரு வரியிலும் நிறைய நேரம் நிற்பேன். அப்படி நின்றதால்தான் கண்டேன்.

இடம் என்ற வரியில் 'டவுன் பூங்கா' என்று இருந்தது. அதற்கு அடியில் கையால் அழித்த சோக்கு மங்கலாகத் தெரிந்தது. கல்குடா.

சாப்பாட்டு வரியில் 'பார்சல்'. அதற்கு அடியிலும் அழித்திருந்தது. நண்டு.

பின்னால் யோகா மச்சாள் வந்து நின்றாள். அவளுக்கு எனக்குப் பக்கத்து மெஷின்.

"ஆரு மச்சாள் இத அழிச்ச?"

"சும்மாகா. நீ வா, தேத்தண்ணி ஆறுது."

"சொல்லன்கா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாரும் கல்குடா எண்டுதான் கை தூக்கின. மறுகா கமலாக்கா சொன்னா, அந்த மணல சறோ எப்பிடிப் பாப்பாள் எண்டு. எல்லாரும் கைய இறக்கிட்டம். அழிச்சிட்டம்."

"என்ர பேர்?"

"உன்னட்டக் கேட்டா நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டு வீட்ட போய் அழுவாய். கேக்காட்டி அழமாட்டாய் எண்டு நினச்சம்."

"கேக்காட்டியும் அழுதுகொண்டுதான்கா இரிக்கன்."

அதற்குள் கமலாக்காவும் வந்துவிட்டா. எங்கள் சுப்பவைசர். தையல் பிசகினால் நூலைப் பிரித்துக் கையில் தருகிற ஆள். இன்று என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஏன் கமலாக்கா, பூங்காவுக்குப் போகப் பஸ்ஸா? எங்கட பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமையில ஊஞ்சல் ஆடுற இடம்."

"மரம் இரிக்கிதானே. நல்ல நிழல்."

"பார்சலும் திரும்பவா?"

"இந்த முற பஸ்ஸுக்க வைக்க மாட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் சிரித்தேன். யோகா என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள்.

உள்ளங்கையால் பூங்காவை அழித்தேன். கல்குடா என்று எழுதினேன். பார்சலை அழித்து நண்டு என்று எழுதினேன். நேரே என் பெயரைப் போட்டேன். அழுத்தியதில் சோக்கு உடைந்துவிட்டது.

கமலாக்கா கேட்டா, "உனக்கு நண்டு ஆக்கத் தெரியுமாகா? உங்கட வீட்ட அந்த மனிசன்தானே ஆக்கிற."

"ஆக்கிப் பாப்பம்."

"பிழச்சா?"

"பிழச்சா பாணும் வாழப்பழமும்."

உடைந்த சோக்கை என் கையில் இருந்து வாங்கி, யோகா என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். தேங்காய் துருவ அவள் வருகிறாளாம்.  கமலாக்கா ஆறின தேத்தண்ணியைச் சுட வைத்துக் கொண்டுவந்து தந்தா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

முருங்கை இலையை அவர் எப்போது போடுவார்? கறி கொதிக்கும்போதா, இறக்கின பிறகா? பதினெட்டு வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கதைத்திருக்கிறேன். கறியை நாக்கில் விட்டுப் பார்த்து உப்புச் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு நாளும் கேட்டு வைக்கவில்லை.

முப்பத்தைந்து பேர், பிள்ளைகள் வேறு. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.