சண்டைக்கு முன்னால் கிடைத்த கவசம்

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்காரும் நண்பர்கள் வைத்த பெயர் அது. நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் அதற்குள் இறங்குவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை நடத்துவது நான். மந்திர வாளோ கவசமோ என் கையிலிருந்து லேசில் வராது. "இத்தன மாசமா வெறும் கத்திதான் லா, மனசாட்சி இருக்கா ஒனக்கு?" என்று போன வாரம்கூட ஒருத்தன் சண்டைக்கு வந்தான். சீக்கிரம் கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பாதி உண்மை. மீதி, புதையல் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தாலே என் காது கதவுப் பக்கம் போய்விடும். நல்ல பொருள் கிடைக்கிற நாளை நல்ல நாள் என்று என்னால் நம்ப முடிவதில்லை.

ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. அப்போது எங்கள் வீடு சுங்கை வேயில், அடுக்குமாடியில் நான்காவது மாடி. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு, பள்ளியில் ஐந்தாம் படிவம். அவளுடைய சீனத் தோழியின் அண்ணன் தன் பழைய பகடைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தான். ஆட்டத்தின் சட்டதிட்டங்களையும் அவனிடம்தான் கேட்டு வந்தாள். குதிரைப் பந்தய நாள் குறித்த குதிரைக் காலண்டரில் கிழித்த மாதத் தாள்களின் பின்பக்கத்தில் குகையும் கோட்டையும் வரைவாள். ஆடுவது நான் ஒருத்திதான். என் வீராங்கனைக்கு நான் வைத்த பெயர் இடிராணி.

கதை நடத்துவதில் அக்கா கெட்டிக்காரி, கொடுப்பதில் மகா கஞ்சம். துருப்பிடித்த ஒரு கத்தியோடு இடிராணி ஏறி இறங்காத குகை இல்லை. நான் அழுதும் பார்த்தேன், அடம் பிடித்தும் பார்த்தேன். "பெலான் பெலான், மெதுவாத்தான் குடுக்கணும். மொதல்லயே அள்ளிக் குடுத்துட்டா அப்புறம் ஒனக்கு எதுமேல ஆச இருக்கும்?" என்பாள். முதலில் சண்டை, பிறகுதான் பரிசு. எலிக்கு எலி அளவு, ராட்சசனுக்கு ராட்சசன் அளவு. அந்த அண்ணன் சொன்ன சட்டத்தை அக்கா வேதவாக்காக வைத்திருந்தாள். உன்னிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று அவளை ஒருமுறை கேட்டேன். "கத நடத்துறவங்களுக்கு ஒண்ணும் கெடையாது, அதான் ரூல்" என்றாள்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. காலையில் வந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். அவர் தூக்கம் கலையக்கூடாது என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த துவாலையின்மேல் சத்தமில்லாமல் பகடை உருட்டுவோம்.

சில சனி, ஞாயிறுகளில் அப்பா காலையில் வரமாட்டார். மதியம் தாண்டி வருவார். கதவு திறந்ததும் அம்மாவின் குரல் எழும்பும், பின்னாலேயே அப்பாவின் குரல். அன்றைக்கு அக்கா என்னை அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போடுவாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தீபாவளி முறுக்கு டின்னின் மூடியை எடுத்து வைத்து, "இதுல உருட்டு. நல்லா தூக்கிப் போடு" என்பாள். தகரத்தில் பகடை விழுகிற சத்தத்தில் காது அடைக்கும். அக்காவும் தொண்டை கிழிய இடி, மழை, ராட்சசன் என்று கதை சொல்லுவாள். அன்றைக்குத்தான் பரிசு கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். வெளியே தட்டு உடைந்த நாளில் எனக்கு நெருப்பு வாள் கிடைத்தது. அம்மா வாய்விட்டு அழுத நாளில், சத்தமே கேட்காமல் நடக்கிற காலணி. நாற்காலியோ எதுவோ சுவரில் மோதி விழுந்த நாளில், இடியைத் தாங்கும் கேடயம். கொன்றதென்னவோ இரண்டு வௌவால்களைத்தான்.

சண்டை நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கையில் நெருப்பு வாள் வைத்திருக்கிறவளுக்கு ஹாலில் நடப்பதெல்லாம் ஒரு பொருட்டா? என் மண்டைக்கு எட்டியது ஒன்றுதான்: டின் மூடிக்கு ராசி இருக்கிறது.

அதனால் ஒரு நாள் மூடியை நானே எடுத்து நடுவில் வைத்தேன். அப்பா நேரத்தோடு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் அம்மா நெத்திலி பொரிக்கிற வாசனை வந்தது. அக்கா மூடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அத உள்ள வையி."

"ஏன்? வாள் வரும்ல?"

"இன்னிக்கு வேணாம் லா. இன்னிக்கு நல்ல நாளு."

நல்ல நாளில் எதற்குப் பரிசு கிடையாது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று துவாலையில் உருட்டி மூன்று எலிகளைக் கொன்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி விடுமுறையில் பெரிய கதை ஒன்று தொடங்கியது. மலை உச்சியில் ஒரு டிராகன், அதைக் கொன்றால் கதை முடிந்தது. மலைக்கு நீயே பெயர் வை என்றாள் அக்கா. யோசிக்காமல் "டெங்கில்" என்றேன். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சண்டையின்போது ஹாலில் அடிக்கடி விழுந்த சொல் அது. அம்மா அதைச் சொன்னாலே வீடு ஒரு கணம் நடுங்கி நிற்கும். டிராகன் இருக்கிற இடத்துக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்தேன். அக்காவின் பென்சில் அப்படியே நின்றது. பிறகு மலைமேல் அந்தப் பெயரையே எழுதினாள். "சரி. அங்கதான் இருக்கு" என்றாள். டெங்கிலில் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது எனக்குத் தெரிந்தது பல வருடங்கள் கழித்து. அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஆடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டின் மூடி வெளியே வந்திருந்தது, இடிராணி மலையடிவாரத்தில் நின்றிருந்தாள். ஹாலில் கத்திக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று அடங்கினார்கள். அலமாரி திறக்கிற சத்தமும், பையின் ஜிப்பை இழுக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. அக்கா கதையைப் பாதியில் நிறுத்திக் காது கொடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், மலையடிவாரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, திற என்றாள். உள்ளே ஒரு கவசம்.

"கத்தி எறங்காது. நெருப்பு எறங்காது. யாரு என்ன சொன்னாலும் எறங்காது."

எனக்குச் சட்டம் தெரியும். "இன்னும் டிராகனக் கொல்லவே இல்லியே?" என்றேன்.

"சண்ட முடிஞ்சப்புறம் கவசம் கெடச்சி என்ன புண்ணியம்? இப்பவே போட்டுக்கோ."

என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கம் இல்லாத வாரையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுவதுபோல் செய்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. அம்மா கதவைத் தட்டினாள். திறந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. "கெளம்பு பாப்பா, கிள்ளான்ல மாமா வீட்டுக்குப் போறோம்" என்றாள். பை ஒன்றுதான் இருந்தது. அக்காவுக்கு அது எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை வருடம், நடுவில் பள்ளி மாற்ற முடியாது, அப்பாவோடு இருந்து பரீட்சையை முடிக்கட்டும் என்று பெரியவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்களாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன். படிக்கட்டு வரை வந்த அக்காவிடம் டிராகன் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுத்த வாரம் கொல்லலாம் என்றாள்.

கொல்லவில்லை. நாங்கள் போன சில வாரங்களிலேயே டெங்கில்காரி கைக்குழந்தையோடு சுங்கை வே வீட்டுக்கு வந்துவிட்டாள். பரீட்சை முடியும்வரை அக்கா அந்த வீட்டில்தான் இருந்தாள். அங்கே யார் அவளை என்ன சொன்னார்கள் என்று அவள் இன்றுவரை வாய் திறந்ததில்லை. மேலே படிக்கவும் இல்லை. இப்போது செலாயாங்கில் இருக்கிறாள். ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?" என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

அன்றைக்குக் கிள்ளான் ரயிலில் நான் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தேன். சாய்ந்தால் கவசம் நசுங்கிவிடும். பக்கத்தில் அம்மா சன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். எனக்குள் எதுவும் இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் திரும்பிப் போன அக்காவை ஒருமுறை நினைத்தேன். எல்லாப் புதையலும் அவளிடம்தானே இருக்கிறது, அவளுக்கு எதற்குத் தனியாக ஒரு கவசம் என்று நினைத்துக்கொண்டேன்.