வைவா அன்று பரிமாறிய நுங்கு

புளித்துப்போன பதநீரிலிருந்து நான் பிடித்த பாக்டீரியாவுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: சர்க்கரையைத் தின்று செல்லுலோஸ் நூற்பது. எனக்கு அதுகூடத் தெரியாது என்பது எங்கள் பேராசிரியரின் கருத்து. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், எம்.எஸ்சி. கடைசி வருடம். நூல் நூற்கும் புரதக் கூட்டங்கள் அந்த பாக்டீரியாவின் உடம்பில் எப்படி அமைந்திருக்கின்றன என்பது என் ப்ராஜெக்ட். தேறினால் மேலே படிக்கலாம். தோற்றால், ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்போடு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. தோப்பு பரவாயில்லை.

கூட்டங்களை நேரில் பார்க்க எங்களிடம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கிடையாது. புத்தகப் படத்தைப் பார்த்து சார்ட்டில் வரைந்தேன்: பாக்டீரியாவின் நீளவாக்கில் ஒரே வரிசையாகத் துளைகள். உள்சவ்வில் இருக்கும் புரதம் சர்க்கரையைக் கோக்கும். கோத்த இழை வெளிச்சவ்வுத் துளை வழியாக வெளியே வரும். இதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, இளநீரில் பாக்டீரியாவை வளர்த்தபோது மேலே படிந்த வெள்ளை ஆடை. விரல் தடிமன், ஒரே வழவழப்பு. துண்டு போட்டு, டிபன் டப்பாவில் அடைத்து, லேப் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன்.

வைவா நாளன்று மே மாத வெயில். தூத்துக்குடியிலிருந்து வந்த தேர்வாளர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தார். பேராசிரியர் அவரைச் சம்பந்தி மாதிரி கவனித்தார். நுங்குகூட வாங்கி அதே லேப் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார். நான் சுவரில் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் தேர்வாளரிடம் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்.

தேர்வாளர் மென்றார். மறுபடியும் மென்றார். “என்ன வே, நுங்கு புளிக்குது? முத்திப்போச்சோ?”

திரும்பிப் பார்த்தேன். தம்ளரில் என் ப்ராஜெக்ட்.

“சார், அது நுங்கு இல்ல. பாக்டீரியா நூத்த செல்லுலோஸ்.”

பேராசிரியர் அட்டெண்டரை முறைத்தார். “நீங்கதான சார் நுங்கு கொண்டாரச் சொன்னீக? வெள்ளையா வழவழன்னு இருந்துச்சு, எடுத்தேன்” என்றார் அவர். நியாயம்தான். மே மாதத்தில் எங்கள் ஜில்லாவில் அப்படி இருப்பது நுங்கு மட்டும்தான்.

தேர்வாளர் துப்பவில்லை. பிடிவாதக்காரர். வாயில் அதக்கியபடியே சார்ட்டைக் காட்டினார். “துளையெல்லாம் ஒரே வரிசைன்னு எப்படிச் சொல்லுத? இடியாப்ப அச்சு மாதிரி பரவலா இருந்தா என்ன?”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. சாட்சியைத் தின்றுவிட்டுக் கேள்வி வேறு!

“அப்படின்னா இழை சிக்கலாத்தான் சார் வரும். வரிசையா வாறதாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நாடாவாகுது. இல்லன்னா நீங்க முதல் கடியிலயே அறுத்திருப்பீக.”

அவர் இன்னொரு முறை கடித்துப் பார்த்தார். அறுபடவில்லை. ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வாழைத்தோப்புக்காரர் இனி வேறு பெண் பார்க்க வேண்டியதுதான்.

வாசல் வரை போனவர் நின்றார். “ஏம்மா, வயித்துக்கு ஒண்ணும் செய்யாதே?”

“செய்யாது சார். செல்லுலோஸ் மனுச வயித்துல செரிக்காது.”

“அப்போ நாளைக்குக் காலையில தூத்துக்குடிக்கு வந்து உன் சாம்பிள வாங்கிக்க” என்றார்.